மூன்று சாவி ரைபிள்

வேதவல்லிக்கு முதல் சந்தேகம் வந்தது, எல்லோரும் கை தட்டியபோதுதான்.

தென்கிழக்கு மெல்பர்ன் ஒருங்கிணைந்த தமிழ் மன்றத்தில் கை தட்டும் வழக்கம் கிடையாது. ஒருங்கிணைந்த என்பதே இரண்டு பெரிய சண்டைகளுக்குப் பிறகு பெயரில் சேர்த்துக்கொண்ட சொல். அங்கே ஒருவர் எழுந்து நல்ல யோசனை சொன்னால், இவரைத் தூண்டிவிட்டது யார் என்றுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வடை மொறுமொறுவென்று இருந்தால், இந்த முறை மட்டும் ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இன்னொன்று எடுப்பார்கள். அப்படிப்பட்ட சபை மொத்தமும் ஒரே நேரத்தில் கை தட்டுகிறது என்றால், யாரோ ஒருவர் தலையில் ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம். விழுந்தது வேதவல்லியின் தலையில்.

அது தொண்ணூற்று நான்காம் வருடக் கடைசி. வட்டாரத் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று, பல்லின மக்களை ஒன்று சேர்ப்பதற்காக அடுத்த அக்டோபரில் ஒரு போட்டி வைத்திருந்தது. ஒரு சமூகத்துக்கு ஒருவர். அரைத்தானியங்கி ரைபிள்; அதாவது ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் சிறிய ரைபிள். அப்போதெல்லாம் உரிமம் இருந்தால் அதை வாங்கத் தடை இல்லை. மன்றத் தலைவர் ஜெயரட்ணம் மேடையில் நின்று விஷயத்தைச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் பேச மாட்டார், அளந்த பிறகு நிறுத்த மாட்டார்.

"கிரேக்கர் பேர் குடுத்திட்டினம். இத்தாலியர் குடுத்திட்டினம். ஸ்பிரிங்வேல் வியட்நாம்காரர் போன கிழமையே குடுத்திட்டினம். நாங்கள் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? எங்கட ஆக்களில ஆருக்குச் சுடத் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு, இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், ஒரு தமிழர் கூட்டத்தில் கை தூக்குவது புத்திசாலித்தனமா என்று பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர் கூரையைப் பார்க்கிறவர்கள் யார் யார் என்று பார்த்தார்கள். அப்போதுதான் வேதவல்லியின் கணவர் பாஸ்கர், வாயில் வடையோடு, "என் வொய்ஃப் காலேஜ்ல என்.சி.சி. நல்லா சுடுவா" என்றார். சபை கை தட்டியது.

பாஸ்கர் சொன்னது பொய் இல்லை. திருச்சியில் படிக்கும்போது வேதவல்லி தேசிய மாணவர் படையில் இருந்தாள். மைதானத்து மண்ணில் படுத்து, சுட்ட குண்டை எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் போட்டவள். டெல்லிப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்த அதே வாரத்தில் பாஸ்கர் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். டெல்லிக்கு வேறொரு பெண் போனாள். பாஸ்கர் நல்ல மனிதர்தான், அவர் மேல் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ரோவில் புறநகரில் இருந்த அவள் வீட்டிலும், ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்க்கும்போதும், ஒரு கண்ணை மூடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் போட்டி ஞாபகம் வரும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெயரைக் கூப்பிட வேண்டும், போய்ப் படுக்க வேண்டும், சுட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதற்காகவே அவள் கை தட்டலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சம்மதித்தாள்.

உரிமம் வாங்கும் வேலையை அவளே பார்த்தாள். அதில் குழு எதுவும் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. ரைபிள் வாங்க மன்றம் ஒரு துணைக்குழு அமைத்தது. ஒருவரை மட்டும் நம்ப முடியாது என்பதால் மூவர். இலங்கைக்குத் தலைவர் ஜெயரட்ணம், இந்தியாவுக்குச் செயலாளர் சேஷாத்ரி, மலேசியா சிங்கப்பூருக்குப் பொருளாளர் சவரிமுத்து. சுடப்போகிறவளைக் குழுவில் போடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. சுடுகிறவருக்கு இதில் சொந்த ஆர்வம் இருப்பதால் கூடாது என்று முடிவானது.

டாண்டினாங் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு நால்வரும் போனார்கள். கடைக்காரர் கொலின் அதிகம் பேசாதவர். வேதவல்லியின் தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்தார், சுவரிலிருந்து, தோளில் வைக்கும் மரக்கட்டை குட்டையான, எடை குறைந்த ஒரு ரைபிளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கித் தோளில் வைத்தாள். கன்னம் தானாகப் போய்க் கட்டையில் படிந்தது. நடுவில் இருபது வருடம் போனது அந்தக் கன்னத்துக்குத் தெரியவே இல்லை. இது போதும் சார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"பொறுங்கோ தங்கச்சி" என்றார் ஜெயரட்ணம் தாழ்ந்த குரலில். "இவன் ஏன் முதலாவதா இதை எடுத்தவன்? இவ்வளவு துவக்கு இருக்க?"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் சேஷாத்ரி. "விக்காம கெடந்ததை நம்ம தலையில கட்டப் பாக்கறான்."

சேஷாத்ரி கம்ப்யூட்டர் துறைக்காரர். எந்தச் சாமானிலும் அடுத்த மாடல் எப்போது வரும் என்று கேட்காமல் வாங்க மாட்டார். அவர் கொலினிடம் ஆங்கிலத்தில் தெளிவாக ஒரு கேள்வி கேட்டார். அரைத்தானியங்கி எதற்கு, முழுத்தானியங்கியாகவே காட்டுங்களேன், எங்கள் மன்றம் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை என்றார். கொலின் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். அவர் பார்வை மெதுவாகத் தொலைபேசி இருந்த பக்கம் போனது.

"உதை இங்க கதைக்காதேங்கோ" என்றார் ஜெயரட்ணம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "நாலு தமிழர் துவக்குக் கடைக்குள்ள நிக்கிறம். கொஞ்சம் யோசிச்சு வாயைத் திறவுங்கோ."

கடைசியில் கொலின் காட்டாத ஒரு ரைபிளைக் குழு தேர்ந்தெடுத்தது. அவர் காட்டவில்லை என்பதே அதன் தகுதி. அதன் கட்டை வேதவல்லிக்கு நீளம். சரி, சுடுகிறவரின் கைக்குத் தகுந்தபடி கட்டையைக் குறைத்துத் தருகிறேன் என்று கொலின் அளவு நாடாவை எடுத்தார். ஜெயரட்ணம் அதை அவர் கையிலிருந்து வாங்கி முதலில் தன் கையை அளந்தார். பிறகு சேஷாத்ரியின் கை. பிறகு சவரிமுத்துவின் கை.

"சார், சுடப்போறது நான்" என்றாள் வேதவல்லி.

"அது தனிநபர் விஷயம் தங்கச்சி. நீங்கள் இண்டைக்கு இருப்பியள், நாளைக்குச் சிட்னிக்குப் போவியள். ரைபிள் மன்றத்துக்குச் சொந்தம். பதவியில இருக்கிறவைக்குப் பொருந்தோணும்."

மூன்று கைகளையும் கூட்டி மூன்றால் வகுத்து வந்த அளவுக்குக் கட்டை செய்யச் சொன்னார்கள். அது ஜெயரட்ணத்துக்குக் குட்டை, சவரிமுத்துவுக்கு நீளம், சேஷாத்ரிக்கு ஏறக்குறைய. கொலின் அளவை இரண்டு தடவை பார்த்தார். உலகத்தில் இல்லாத ஒரு ஆளுக்கு நான் இதுவரை கட்டை செய்ததில்லை என்றார். குழு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு ரைபிளுக்கு அலங்காரம் ஆரம்பித்தது. குறி பார்க்கும் தொலைநோக்கி எது என்று இரண்டு மாதம் பேசினார்கள். சேஷாத்ரிக்குத் தொலைநோக்கி என்ற பொருள் மேலேயே ஆட்சேபம். "இதுல ஒரு ஆள் மட்டும்தானே பாக்க முடியும்? மேடம் என்ன பாத்தாங்கன்னு குழுவுக்கு எப்படித் தெரியும்? வெளிப்படைத்தன்மை எங்க இருக்கு?" என்றார். ஆகவே, அவள் பார்ப்பதைக் குழுவும் பார்க்க முக்காலியோடு இன்னொரு பெரிய தொலைநோக்கி வாங்கப்பட்டது. தோள்வாரின் நிறத்துக்கு ஒரு தனிக் கூட்டம். சிவப்பு வைத்தால் ஒரு பக்கத்தார் என்ன நினைப்பார்கள், காவி வைத்தால் சவரிமுத்துவின் மாதா கோயில் நண்பர்கள் என்ன நினைப்பார்கள், பச்சை வைத்தால் தமிழ்நாட்டுக் கட்சிக்காரர் யாராவது உள்ளே நுழைந்துவிட்டாரா என்று எல்லோரும் நினைப்பார்கள். கடைசியில் எந்த நினைப்பையும் தராத ஒரு சாம்பல் நிறத்தில் முடித்தார்கள். மண்டபத்துத் திரைச்சீலையின் நிறம் அது.

குறி பார்க்கும் தொலைநோக்கியை அன்பளிப்பாகத் தந்தவர் ஸ்பிரிங்வேல் மளிகைக் கடைக்காரர். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் வெறும் ரைபிளைச் சும்மா விடுவார்களா. பித்தளைத் தகட்டில் ‘உபயம்’ என்று பொறித்து, கடைப் பெயர், தொலைபேசி எண், ஞாயிறும் திறந்திருக்கும் என்ற தகவல் எல்லாம் சேர்த்து, வேதவல்லி கன்னம் வைக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணிகளால் முடுக்கினார்கள். எல்லாம் முடிந்து அவள் தூக்கிப் பார்த்தபோது, கனத்தில் குழல் முனை கீழே சாய்ந்தது. கன்னத்தில் பித்தளை சில்லென்று பட்டது.

"எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று சவரிமுத்து கேட்டார். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே கணக்காய்வாளராகிவிட்டவர். மூவரில் அவர்தான் அவளிடம் கேட்டவர்.

"கனமா இருக்கு சார். தகடு கன்னத்துல இடிக்குது."

"ஆமாலா" என்றார் சவரிமுத்து வருத்தத்தோடு. "ஆனா எழுத்து அழகா வந்துருக்குல்ல?"

அடுத்தது பாதுகாப்பு. சட்டப்படி ரைபிள் உரிமம் வைத்திருப்பவர் வீட்டில், சுவரோடு பதித்த இரும்பு அலமாரியில் இருக்க வேண்டும். அதாவது வேதவல்லியின் வீட்டில். இந்தச் செய்தி குழுவைக் கலக்கியது. மன்றத்தின் சொத்தை ஒரே வீட்டில், அதுவும் ஒரே நாட்டுத் தமிழர் வீட்டில் வைப்பதா?

சேஷாத்ரிக்கு வழி தெரிந்திருந்தது. "எங்க ஊர்க் கோயில் உண்டியலுக்கு மூணு பூட்டு. மூணு தர்மகர்த்தா, ஆளுக்கொரு சாவி. மூணு பேரும் சேர்ந்து வந்தாத்தான் தொறக்கும். இத்தனை தலைமுறையா ஒருத்தர் மேல ஒரு சொல் வந்ததில்ல."

"காசு சாமிக்குப் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டார் சவரிமுத்து.

"அது வேற விஷயம். பூட்டைப் பத்திப் பேசுவோம்."

அலமாரிக்கு மூன்று பூட்டுகள் வந்தன. இலங்கைச் சாவி, இந்தியச் சாவி, மலேசிய சிங்கப்பூர்ச் சாவி. எனக்கு என்று வேதவல்லி கேட்டாள். ஜெயரட்ணம் அவளைப் பரிவோடு பார்த்தார். "அலமாரியே உங்கட வீட்டிலதானே தங்கச்சி இருக்குது. இன்னும் என்ன வேணும்?"

சில வாரம் கழித்து அலமாரியைச் சோதிக்க ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். திறந்து காட்டுங்கள் என்றார். என்னால் முடியாது என்று அவள் உண்மையைச் சொன்னாள். சாவி எங்கே என்றார். ஒன்று கிளேட்டனில், ஒன்று கிளென் வேவர்லியில், ஒன்று கிரான்பர்னில் என்றாள். சாவிக்காரர்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அதனால்தான் அவர்களும் தனியாகத் திறக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். விளக்கும்போதே இது பைத்தியக்காரத்தனமாகக் காதில் விழுந்தது. போலீஸ்காரர் அலமாரியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். சொந்தக்காரராலேயே எடுக்க முடியாத துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை, இதைவிடப் பத்திரம் வேறு கிடையாது என்று சொல்லிவிட்டு, தேநீரும் குடிக்காமல் போய்விட்டார். இந்தச் சொற்கள் அடுத்த கூட்டத்தில் விக்டோரியா மாநிலப் போலீஸின் நற்சான்று என்று வாசிக்கப்பட்டன.

பத்திரம் அவ்வளவு பலமாக இருந்ததால் பயிற்சி நடக்கவில்லை. முதல் ஞாயிறு சவரிமுத்து மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். இன்னொரு ஞாயிறு மூவரும் குடும்பத்தோடு ரோவில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கடைசிப் பூட்டைத் திறக்கிறவர்தான் விளைவுக்குப் பொறுப்பு என்று யாரோ சொல்லப்போக, ஆளுக்காள் முதலில் திறக்கத் துடித்தார்கள். கடைசியாகத் திறக்க ஆள் இல்லை. மட்டன் ரோல்ஸ் தீர்ந்து, சுடும் மைதானம் மூடும் நேரமும் வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க சேஷாத்ரி வேலையாகச் சிட்னியில் இருந்தார். சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று வேதவல்லி போனில் கேட்டபோது, "மேடம், அவ யார்கிட்டப் பேசுறான்னு எனக்கு இங்கேருந்து எப்படித் தெரியும்?" என்றார். கொண்ட மனைவியையே அப்படிச் சந்தேகப்படுகிறவரிடம் நல்லது என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அவள் வீட்டுக் கம்பளத்தில் படுத்து, வேக்யூம் கிளீனர் குழாயைத் தோளில் வைத்துப் பழகினாள். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. மூச்சை விடுவது, பாதியில் நிறுத்துவது, விரலை மெல்ல இழுப்பது. ஒரு நாள் பாஸ்கர் சீக்கிரம் வந்து அதைப் பார்த்துவிட்டார்.

"நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு வடையைத் தின்னிருக்கலாம் வேதா" என்றார்.

"இல்லைங்க" என்றாள் அவள், குழாயிலிருந்து கன்னத்தை எடுக்காமல். "இந்த ஒரு வருஷத்துல எனக்கு நடந்த ஒரே நல்லது நீங்க சொன்ன அந்த வார்த்தைதான்."

அக்டோபர் வந்தது. போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம். அதே ஞாயிறு காலை மன்றத்தில் ஆயுத பூஜை. பஞ்சாங்கப்படி ஆயுத பூஜை போன திங்களே வந்து போய்விட்டது. ஆனால் மண்டபம் இந்த ஞாயிறுதான் கிடைத்தது. மண்டபம் கிடைக்கிற நாளில் வந்து போகச் சரஸ்வதி தேவி இந்த நாட்டில் எப்போதோ பழகிக்கொண்டுவிட்டாள். ஜெயரட்ணத்துக்கு ஒரே மகிழ்ச்சி. ரைபிளைப் பூஜையில் வைத்துவிட்டு அப்படியே ஊர்வலமாகப் போட்டிக்குப் போவோம் என்றார். வேண்டாம் என்று வேதவல்லி சொல்லியிருப்பாள். ஆனால் மூன்று சாவியும் ஒரே இடத்துக்கு வரும் ஒரே நாள் அது. அவள் தலையாட்டினாள்.

காலையில் மூன்று பூட்டும் திறந்தன. ரைபிள் மண்டபத்துக்கு வந்து, புத்தகங்கள், கம்ப்யூட்டர், ஒருவருடைய பல் வைத்தியச் சாமான்கள் நடுவே பட்டுத் துணி மேல் படுத்தது. ஐயர் அதற்குச் சந்தனம் பூசினார். தொலைநோக்கியின் இரண்டு கண்ணாடியிலும் நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பித்தளைத் தகடு பளபளத்தது. வெளியே கார்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். சுண்டல் வந்தது. மணி பன்னிரண்டானதும் வேதவல்லி ரைபிளை எடுக்கக் கை நீட்டினாள்.

"அம்மா, தொடப்படாது" என்றார் ஐயர். "பூஜையில வச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டுத்தான்."

அவள் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயரட்ணம் தொண்டையைச் செருமினார்.

"ஐயர் சொல்லுறது முறைதானே தங்கச்சி."

"சார், பூஜையே போன வாரம் முடிஞ்சு போச்சு. நாளை நம்ம வசதிக்கு மாத்திக்கிட்டோம்."

"நாளை மாத்தலாம். முறையை மாத்தேலாது. ஒருக்கா முறையை மாத்தினமெண்டால் பிறகு எங்களுக்கும் மற்றச் சனத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"வெளியில காருக்கும்தான் பூஜை போட்டீங்க. எல்லாரும் வீட்டுக்கு நடந்தா போகப்போறீங்க?"

மண்டபம் இதை யோசித்தது. சேஷாத்ரி முன்னால் வந்தார். "கார் வாகனம் மேடம். ஆயுதம் இல்ல. ரெண்டும் வேற வேற பிரிவு."

வேதவல்லி கடைசியாகச் சவரிமுத்துவைப் பார்த்தாள். அவர் கையில் சுண்டல் கிண்ணத்தோடு நெளிந்தார். "நான் கிறிஸ்டியன் சிஸ்டர். இதுல நான் வாயைத் தொறந்தா மன்றமே ரெண்டாப் போயிரும்லா. நான் நடுநிலை."

ஆனாலும் போட்டிக்குப் போனார்கள். பதாகை செய்தாகிவிட்டதே, அதை என்ன செய்வது. ரைபிள் இல்லாமல், பதாகையோடும் முக்காலித் தொலைநோக்கியோடும் பூஜை போட்ட கார்களில் போய் இறங்கினார்கள். கழகத்தின் பெண் அதிகாரி மார்கரெட் என்பவர், தொப்பியைச் சரிசெய்தபடி வேதவல்லியிடம் உங்கள் ரைபிள் எங்கே என்றார். அது இன்று பிரார்த்தனையில் இருக்கிறது என்றாள் வேதவல்லி. மார்கரெட் கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவாயில்லை, கழகத்து ரைபிள் ஒன்று சும்மா இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். சொன்னதோடு நிற்காமல் கொண்டுவந்தும் காட்டினார். குட்டைக் கட்டை. எடை இல்லை. தகடு இல்லை. வேதவல்லியின் கை தானாக நீண்டது.

மன்னிக்க வேண்டும் என்று ஜெயரட்ணம் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தார். எங்கள் மன்றம் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பி, "இரவல் துவக்கால சுட்டு வெண்டால் அந்த வெற்றி ஆருக்குப் போய்ச் சேரும் எண்டு யோசிச்சியளோ? நாளைக்குக் கூட்டத்தில கேள்வி வரும்" என்றார்.

போட்டிக்கான பதிவு மன்றத்தின் பெயரில் செய்யப்பட்டிருந்தது. விலக்கவும் மன்றத்துக்கு உரிமை இருந்தது. ஒலிபெருக்கியில் அடுத்த சமூகத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். வேதவல்லி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்வேல் வியட்நாம் பேக்கரிக்காரர் ஒருவர் படுத்துச் சுடுவதைப் பார்த்தாள். திருச்சியில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொண்டுவந்த அன்றுகூட இப்படி அழுகை முட்டவில்லை. அன்று அவளைத் தடுத்தவர்களுக்கு அவள் சுடுவாள் என்பதே தெரியாது. இவர்கள் அவள் சுடுவதற்கென்றே ஒரு வருடம் உழைத்துத் தடுத்திருக்கிறார்கள். கிளம்பும்போது மார்கரெட் அவள் அருகில் வந்து, எந்தச் சனிக்கிழமையும் வா, தனியாக வா என்று மட்டும் சொன்னார். தனியாக என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக வேதவல்லிக்குப் பட்டது.

அடுத்த வருடம் ஏப்ரலில் டாஸ்மேனியாவில் ஒருவன் அரைத்தானியங்கியால் முப்பத்தைந்து பேரைச் சுட்டுக் கொன்ற அந்தக் கொடுமை நடந்தது. நாடே உறைந்தது. அதற்குப் பிறகு சட்டம் மாறியது. அரைத்தானியங்கிகளை எல்லோரும் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று வந்தது. சரியான சட்டம் என்றே வேதவல்லி நினைத்தாள். தொலைக்காட்சியில் அந்த முகங்களைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள். ஆனால் மன்றத்துக்கு அது ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. ஒப்படைப்புக்குழு என்று ஒன்று அமைந்தது. அதே மூவர்.

ஒரு மைதானத்தில் மேசை போட்டு, போலீஸ்காரர்கள் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு இயந்திரம் அவற்றை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தது. வரிசையில் விவசாயிகளும் கிழவர்களும் அன்றாட உடையில் நின்றார்கள். மன்றத்தார் மட்டும் கோட்டு அணிந்து, புகைப்படக்காரரோடு வந்திருந்தார்கள். வேதவல்லியின் முறை வந்ததும் ரைபிளை மேசையில் வைத்தாள். நரைத்த மீசைக்கார அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டை வாசித்தார். தொலைநோக்கியில் காய்ந்திருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினார். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவர் முகம் மாறியது. சந்தன வாசனை வந்திருக்க வேண்டும்.

இது எத்தனை தடவை சுட்டது என்று கேட்டார்.

வேதவல்லி பதில் சொல்லும் முன் ஜெயரட்ணம் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். ஒரு தடவைகூட இல்லை என்றார். எங்கள் மன்றத்தின் பொறுப்பில் இவ்வளவு காலம் இருந்தது, மூன்று பேர் கொண்ட குழு மேற்பார்வை செய்தது, ஒரு குண்டுகூட வெளியே போகவில்லை, போக விடவில்லை என்றார்.

மீசைக்காரர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். எல்லோரும் உங்களைப் போல இருந்திருந்தால் இந்தச் சட்டமே வேண்டியிருக்காது ஐயா என்றார். அவர் குரலில் கேலி இருந்ததா என்று வேதவல்லி உற்றுப் பார்த்தாள். இல்லை. மனிதர் மனதாரத்தான் சொன்னார். புகைப்படம் எடுத்தார்கள். தகட்டை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று சேஷாத்ரி கேட்டார், முடியாது என்றார்கள். இயந்திரம் ஒரு தடவை உறுமியது. மூன்று கைகளின் சராசரி நீளமுள்ள கட்டை, சாம்பல் நிறத் தோள்வார், மளிகைக் கடையின் தொலைபேசி எண் எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி இரும்பாகவும் சிராயாகவும் விழுந்தன.

மன்றத்தின் ஆண்டு மலரில் அந்தப் புகைப்படம் முழுப்பக்கம் வந்தது. ‘ஒரு குண்டும் சுடாத சாதனை’ என்று தலைப்பு. அதே மலரில் இன்னொரு அறிவிப்பும் இருந்தது. புதிய சட்டம் அனுமதிக்கிற, ஒவ்வொரு குண்டாகக் கையால் ஏற்றுகிற ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புதுக்குழு அமைகிறது, சனிக்கிழமை முதல் கூட்டம், அனுபவசாலியான திருமதி வேதவல்லி பாஸ்கர் தலைமை வகிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

சனிக்கிழமை மதியம் ஜெயரட்ணம் போன் செய்தபோது பாஸ்கர்தான் எடுத்தார். "வேதா வெளிய போயிருக்கா சார்" என்றார்.

"எங்க?"

"தெரியல சார்." பாஸ்கருக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார். பொய் சொல்லும்போது அவருக்கு வியர்க்கும். அன்று வியர்க்கவில்லை.

அதே நேரத்தில் கழகத்தின் சுடும் மைதானத்தில், ஒரு பழைய பாயின் மேல் வேதவல்லி குப்புறப் படுத்திருந்தாள். மார்கரெட்டின் இரவல் ரைபிள். தொலைநோக்கி இல்லை. வாரில் யாருடைய வியர்வையோ ஊறிய பழைய வாசனை. குண்டு ஒன்றைக் கையால் எடுத்து ஏற்றினாள், கன்னத்தை மரத்தில் வைத்தாள், மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். விரலை இழுத்தாள்.

குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழவில்லை. இடது கீழ் ஓரத்தில், வெள்ளைத் தாளில், வெகு தூரம் தள்ளிப் போய் ஒரு ஓட்டை போட்டிருந்தது. அவள் தலையைத் தூக்கிப் பழக்க தோஷத்தில் சுற்றிலும் பார்த்தாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பாயில் ஒரு கிழவர் தன் குறியைத் தவற விட்டுத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த குண்டை எடுத்தாள்.